பெயர்த்து நட்ட வீடுகள்: முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு தச்சரோடு அரை நாள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ராவுக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் பிள்ளைகளின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து, இருக்கிற வீடுகளையெல்லாம் இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடித்து, செட்டிநாட்டுத் தூண்களுக்கு நடுவே நின்று எடுத்துக்கொண்ட ஒரு படத்தைத் தவிர வேறெதுவும் மனத்தில் தங்காமல் திரும்பினேன். மூன்றாம் முறை பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். ஐம்பது ஆண்டுகள் மரவேலை செய்தவர் அவர். வாசல் நிலையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். இந்த மதிப்புரையில் உருப்படியாக ஏதேனும் இருந்தால், அதில் பாதி அவர் கண்ணில் பட்டது.

போகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளை அந்தந்த ஊரிலிருந்து பெயர்த்து வந்து, 10 ஏக்கர் நிலத்தில் மறுபடியும் எழுப்பி வைத்திருக்கிற திறந்தவெளி அருங்காட்சியகம் இது. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இடத்தின் பொது அமைப்பு, சிக்கனமான செங்கல் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற லாரி பேக்கருடையது. அதைக் கட்டடங்களாக்கியதில் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸின் பங்கு பெரியது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திர–தெலங்கானா எனப் பகுதி பகுதியாக 18 வீடுகள் நிற்கின்றன. இவ்வகைக் காட்சியகங்களுக்கு முன்னோடி 1891இல் ஸ்டாக்ஹோமில் திறக்கப்பட்ட ஸ்கேன்சன். குளிர் நாட்டில் பிறந்த அந்த யோசனை, உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் கறையானும் கூட்டணி வைத்திருக்கிற வங்கக் கடலோரத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பார்க்கவே ஒரு முறை போகலாம்.

பெரியப்பாவுக்கு முதலில் வர விருப்பமில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் உறவினர் திருமணத்துக்காக ஒரு சொகுசு விடுதியில் தங்கினோம். ‘பாரம்பரிய வீடு’ என்று விளம்பரம் செய்திருந்த அந்த விடுதியில், திண்ணைத் தூணைத் தட்டிப் பார்த்த பெரியப்பாவுக்குச் சிமெண்டுச் சத்தம் கேட்டது. மர ரேகைகளைப் பெயிண்டில் வரைந்திருந்தார்கள். முற்றத்தைக் கண்ணாடியால் மூடி ஏசி போட்டிருந்தார்கள். ஓடு வேய்ந்த கூரைக்கு அடியில் கான்கிரீட் தளம் இருந்ததால், ஓடு நெற்றிப்பொட்டு மாதிரி அலங்காரத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அறைக் கட்டணத்தை இங்கே எழுதினால் எனக்கே மறுபடி வயிறு எரியும். ஆகவே முட்டுக்காட்டிலும் இதே கதைதான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அந்த முடிவைக் கேரளப் பகுதி மாற்றியது. கோட்டயத்துக்குப் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிரியன் கிறித்தவர் வீடு ஒன்று அங்கே நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. சுவர் என்று நாம் நினைப்பதெல்லாம் பலகை: செங்குத்துச் சட்டங்களுக்கு நடுவே பலகைகளை இறக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மலையாளத்தில் இந்த மரச்சுவருக்கு ‘நிர’ என்று பெயர். நெல்லைச் சேமித்து வைக்கும் பெட்டகம் போன்ற அறைக்கு ‘அற’ என்று பெயர். பொன்னும் பணமும் பிறகு. நெல்தான் முதல் செல்வம் என்று அந்த அறையின் கனத்த பலகைகளே சொல்கின்றன. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் இரண்டு சட்டங்கள் சேருமிடத்தையே ஐந்து நிமிடம் பார்த்தார். ஒன்றில் துளை, மற்றதில் அதற்கேற்ற முளை, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு மர ஆணி, அவ்வளவுதான்.

“இதைக் கட்டினவனே பிரிக்கிற மாதிரிதான் கட்டியிருக்கான்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்த இடத்தின் சூட்சுமம் பாதி இருக்கிறது. இரும்பாணி அடித்துச் சேர்த்த மரத்தைப் பிரித்தால் பிளந்துபோகும். துளையும் முளையுமாகச் சேர்த்ததை, மர ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, சட்டத்துக்கு ஒரு எண் எழுதி, லாரியில் ஏற்றி, வேறிடத்தில் அதே வரிசையில் பூட்டிவிடலாம். இங்குள்ள வீடுகள் பலவும் உரிமையாளர்கள் இடிக்கத் தீர்மானித்த நிலையில் வாங்கப்பட்டவை; அளந்து, வரைந்து, பிரித்து வந்து, அந்தந்தப் பகுதியின் மரபுத் தச்சர்களையும் கொத்தர்களையும் வரவழைத்தே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். வீடுகளைக் கொண்டுவந்த வேலையில் வீடு கட்டத் தெரிந்த கைகளையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே கேரளப் பகுதியில் திருவனந்தபுரத்து வீடும் கோழிக்கோட்டு வீடும் இருக்கின்றன. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே மாநிலத்துக்குள்ளேயே தெற்கே மரமும் வடக்கே செம்புறைக்கல்லும் எப்படி ஆட்சி செய்தன என்பது புரியும். மூன்றுக்கும் பொது, கூரையின் செங்குத்துச் சரிவும், சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு தாழ்ந்து இறங்கும் இறவாணமும். ஆனி ஆடி மாதங்களில் நாள் கணக்கில் விடாமல் பெய்கிற மழைக்கு, மரச்சுவரின் மேல் ஒரு துளி படாமல் காக்கிற குடை அது. அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தபோது, பகல் பதினொரு மணி வெயில் எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல் இருந்தது.

எல்லோரும் படமெடுக்கிற செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பற்றி நான் கொஞ்சம் குறைத்தே சொல்லப் போகிறேன். அழகில்லை என்பதல்ல காரணம். திண்ணையின் தேக்குத் தூண்களும், செதுக்கு வேலையால் நிறைந்த நிலையும் கதவும் யாரையும் நிறுத்திவிடும். பெரியப்பாவும் அந்த நிலையின் அடிச்சட்டத்திலிருந்து மேல்சட்டம் வரை விரலாலேயே படித்தார். ஆனால் செட்டிநாட்டுப் பெரிய வீடு என்பது, ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லையை முடிக்கிற நீளம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாகப் போகிற அந்த முழு நீளத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கைக் கப்பலில் இறக்கிக் கட்டியவை இந்த வீடுகள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வரவு முறிந்தது. பிறகு பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல், தூண் வேறு கதவு வேறாகப் பல வீடுகள் விற்பனைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிற நிலைகளைப் பார்த்தவர்களுக்கு, இங்கே ஒரு முகப்பு தன் தூண்களோடும் கதவோடும் சேர்ந்து நிற்பதன் அருமை கூடுதலாகவே தெரியும்.

சுவர்ப் பூச்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற வழவழப்புதான் செட்டிநாட்டுச் சுவரின் பெருமை. உள்ளங்கையை வைத்தால் சித்திரையிலும் குளிரும்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது ஆம்பூர் அக்கிரகார வீட்டில். பிரியாணி ஆம்பூர் அல்ல; திருநெல்வேலிச் சீமையின் ஆம்பூர். வெளியிலிருந்து பார்த்தால் படமெடுக்க ஒன்றுமில்லை: குறுகிய முகப்பு, திண்ணை, ஓட்டுக்கூரை. பக்கத்து வீடும் இதுவும் சுவரைப் பங்கிட்டுக்கொள்கிற வரிசை வீடு என்பதால் பக்கவாட்டில் சன்னலுக்கே இடமில்லை. அந்த நெருக்கடிக்குள் எப்படி வெளிச்சமும் காற்றும் வந்தன என்பதுதான் இந்த வீடு நடத்துகிற பாடம். வாசலை அடுத்த நடையான ரேழியின் இருட்டில் நுழைந்து, கண் பழகுவதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டால், மேலே திறந்த முற்றத்திலிருந்து வெளிச்சம் தரையில் விழுந்து அங்கிருந்து சுவரேறுகிறது. நேர்வெயில் அல்ல, ஆற வைத்த வெயில். வாசலையும் கொல்லையையும் திறந்து வைத்தால் நேர்க்கோட்டில் காற்று ஓடும். இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் படாததால், தெருவே ஒன்றுக்கொன்று நிழலாகிவிடுகிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் நெல்லைக் கோடையை இந்த மனிதர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்பவர்களை, இந்தக் கூடத்தில் கால் மணி நேரம் சும்மா உட்காரச் சொல்வேன்.

ஆனால் இந்த வீட்டில்தான் எனக்கு ஒரு நெருடலும் ஏற்பட்டது. அக்கிரகாரம் என்பது வீட்டின் பெயரல்ல, தெருவின் பெயர். கோயில் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், யார் இந்தத் தெருவுக்குள் வரலாம், வந்தவர் திண்ணையில் உட்காரலாமா, உட்கார முடியாதவர் எங்கே நின்று பேசினார் என்ற கணக்கெல்லாம் தெருவில்தான் இருந்தது. குயவர் வீடு, கூடை முடைபவர் வீடு, நெசவாளர் வீடு, வணிகர் வீடு, அக்கிரகார வீடு எல்லாம் இங்கே சில நிமிட நடையில், ஒன்றையொன்று முகம்பார்த்து, ஒரே நுழைவுச்சீட்டில் கிடைக்கின்றன. எந்தத் திண்ணையிலும் யாரும் உட்காரலாம். நிஜத்தில் எந்தக் கிராமத்திலும் இந்த வீடுகள் இப்படி ஒட்டி நின்றதில்லை. வீட்டைப் பெயர்த்து வரலாம். தெருவைப் பெயர்த்து வர வழியில்லை. இது இந்த அருங்காட்சியகத்தின் குறை என்பதைவிட, இந்த வகைக் காட்சியகத்துக்கே உள்ள எல்லை என்று சொல்லலாம். பிள்ளைகளை அழைத்துப் போகிற பெற்றோர், தெருவின் அந்தக் கணக்கைத் தாங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

மரத்தில் தொடங்கிய பெரியப்பாவின் நாள் மண்ணில் உச்சம் அடைந்தது. விசாகப்பட்டினம் பக்கத்து ஹரிபுரத்தின் வீடு வட்ட வடிவம். தெலுங்கில் ‘சுட்டு’ என்றால் சுற்று, ‘இல்லு’ என்றால் வீடு. ‘சுட்டில்லு’ என்று சொல்லிப் பார்த்தால் தமிழ்க் காதுக்கே பாதி விளங்கிவிடும். மண் சுவர், அதன்மேல் கூம்பாக எழும்பி ஏறக்குறைய தரைவரை இறங்குகிற ஓலைக்கூரை. புயல் அடிக்கடி வந்துபோகிற கரை அது. சதுர வீட்டின் தட்டையான சுவர் காற்றை முட்டி நிறுத்தப் பார்க்கும். வட்டச் சுவரில் மோதிய காற்று இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்விடும். கூரை தரையை ஒட்டியிருப்பதால் காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கவும் வாய்ப்பு குறைவு. குனிந்து நுழையாதவர்களை இந்த வீடு தானே குனிய வைக்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போன நான் இறவாணத்து மூங்கிலில் நெற்றியை இடித்துக்கொண்டேன். உள்ளே போனதும் கண்ணுக்கு மூலை என்று ஒன்று கிடைக்காததால் ஒரு நொடி தடுமாறும். மெழுகிய தரையின் வாசம், கூரைக்குள் அடங்கிய இருட்டு, வெளியே கடல் காற்று. அவ்வளவு வெயிலிலும் உள்ளே ஒரு பானைத் தண்ணீரின் குளிர்ச்சி.

இங்கேதான் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். மரத்தைப் பிரித்துக் கொண்டுவந்தார்கள், சரி. மண் சுவரை எப்படிக் கொண்டுவந்தார்கள்? கொண்டுவர முடியாது என்பதுதான் பதில். மண் வீட்டை, அதைக் கட்டத் தெரிந்தவர் வந்து, மண்ணைக் குழைத்து, அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிட்டு, புதிதாகத்தான் கட்ட வேண்டும். கட்டியதோடும் முடியாது, மழைக்குப் பின் பூச வேண்டும், சில ஆண்டுக்கு ஒரு முறை ஓலை மாற்ற வேண்டும். புதுப்பள்ளி வீடு ஒரு பொருளாக இங்கே வந்தது. ஹரிபுரத்து வீடு ஒரு வித்தையாக வந்திருக்கிறது. பழையது, அசல், நூறாண்டுத் தேக்கு என்றெல்லாம் பார்க்கிற கண்ணுக்கு மண் வீடு மாதிரிப்படிவம் போலத் தோன்றலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது: மண்ணைக் குழைக்கத் தெரிந்த கடைசிக் கை ஓய்ந்துவிட்டால், தேக்குத் தூண் நிற்கும், இந்த வட்ட வீடு நிற்காது.

கர்நாடகப் பகுதியின் இல்கல் நெசவாளர் வீடு கனமான கல் வீடு. வெயில் மிகுந்து மழை குறைந்த பாகல்கோட் வட்டாரத்துக்குத் தட்டைக்கூரையும் தடித்த சுவரும் போதுமென்று காட்டுகிறது. இல்கல் சேலையில் உடல் பகுதியின் பாவு நூலையும் முந்தானையின் பட்டுப் பாவையும் தனித்தனியே போட்டு, ஒவ்வொரு இழையாகக் கண்ணி கோத்து இணைப்பார்கள். பெரியப்பா அதைக் கேட்டதும், நூலிலும் துளையும் முளையும்தானா என்றார். சிக்கமகளூர் முஸ்லிம் குடும்பத்து வீடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன் மரவேலையில் உள்ளூர்த் தச்சும் ஐரோப்பியப் பாணியும் கைகோத்திருப்பதை ரசிக்கலாம். நூலைக் கட்டிக்கட்டிச் சாயம் ஏற்றி அதன்பின் நெய்கிற இக்கத் நெசவாளரின் தெலங்கானா வீடும், கூடத்தையே தறிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மிச்ச இடத்தில் குடும்பம் நடத்துகிற காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டியவை. தஞ்சை விவசாயி வீட்டை நான் களைப்பில் வேகமாகக் கடந்தேன். அது என் தவறு.

எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். அடுப்படிகள் மிகச் சுத்தமாக இருக்கின்றன. பழைய வீட்டின் அடுப்படிக் கூரையில் கைமரமெல்லாம் கரியேறிப் பளபளக்கும். அந்தப் புகைதான் பூச்சியையும் கறையானையும் மரத்தை அண்டவிடாமல் வைத்திருந்தது என்று பெரியப்பா சொன்னார். அடுப்பு எரியாத வீட்டில் அந்த வேலையை வேறு வழியில்தான் செய்தாக வேண்டும். அருங்காட்சியக வீட்டில் புகையை எதிர்பார்ப்பது நியாயமல்ல என்று தெரிந்தும், அம்மிக்கல்லில் மஞ்சள் கறை இல்லாததும், கிணற்றடியில் ஈரம் இல்லாததும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தன.

போகிறவர்களுக்கு நடைமுறை யோசனை. செவ்வாய்க்கிழமை விடுமுறை; பாக்கி நாட்களில், முடிந்தால் வாரநாளில், காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையெல்லாம் படப்பிடிப்புக்குப் போய்விடும். வீட்டுக்கு வீடு வெயிலில் நடக்க வேண்டும் என்பதால் குடையும் தண்ணீரும் கட்டாயம். படிகளும் உயர்ந்த வாசற்படிகளும் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு துணை வேண்டும். பதினெட்டையும் பார்த்தே தீருவது என்று கிளம்பாமல், புதுப்பள்ளி, ஆம்பூர், ஹரிபுரம் மூன்றையும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்துக்கு ஏற்ப மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரமாகப் போகிறவர்களுக்கு இந்த இடம் பழைய தூண்களின் வரிசையாகத்தான் தெரியும். எனக்கு முதல் இரண்டு முறை அப்படித்தான் தெரிந்தது. பிள்ளைகள் இருந்தால் பானை வனையும் சக்கரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். கையெல்லாம் களிமண்ணானபின் அவர்களை மண் வீட்டுக்குள் அழைத்துப் போனால், நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

அய்யனார் கோயிலின் மண் குதிரைகளுக்குப் பக்கத்தில் நாங்கள் கடைசியாக உட்கார்ந்தோம். பெரியப்பா, தொழிலை விடும்போது பேரனுக்குக் கொடுத்த உளிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டார். பரணில் இருக்கும் என்றேன். திரும்பும் வழியில், புதுப்பள்ளி வீட்டு மர ஆணி என்ன மரமாக இருக்கும் என்பதைப் பற்றி மட்டும் திருவான்மியூர் வரை பேசிக்கொண்டு வந்தார்.